கடல் கடந்த கணக்கு: வெளிநாடுவாழ் தமிழரின் செல்வமும் தனிச்சேவை வங்கிகளும்

பிறந்த நாட்டை விட்டு வெளியே வாழ்ந்து, ஓரளவுக்கு மேல் செல்வம் சேர்த்த ஒருவர், தாம் தொழில் செய்யும் நாட்டிலோ வேறொரு மூன்றாம் நாட்டிலோ தனிச்சேவை வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது எந்த நிபந்தனைகளின்பேரில் இயலும், அதனால் அவருக்கும் ஊரிலிருக்கும் குடும்பத்துக்கும் விளைவது என்ன என்னும் கேள்வி, திருச்சிராப்பள்ளியைப் பொறுத்தவரை ஏட்டளவிலான கேள்வி அன்று. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் நேரடி விமானங்கள் புறப்படும் இந்நகரில், எடமலைப்பட்டி புதூர் முதல் ஸ்ரீரங்கம் வரை, வெளிநாட்டு வருமானத்தில் எழுந்த வீடுகள் தெருவுக்குத் தெரு உள்ளன. ரிசர்வ் வங்கியின் 2023–24ஆம் ஆண்டுக்கான ஆய்வின்படி, இந்தியாவுக்கு அந்த ஆண்டில் வந்த ஏறத்தாழ 11,870 கோடி அமெரிக்க டாலரில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு, மகாராட்டிரமும் கேரளமும் மட்டுமே அதற்கு மேலே நின்றன. முதல் தலைமுறையில் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய குடும்பங்கள் சிலவற்றில், அடுத்த தலைமுறை கப்பல் சரக்கு, மென்பொருள், மருத்துவம், நகை வணிகம் ஆகிய துறைகளில் பல லட்சம் டாலர் ஈட்டியிருக்கிறது. இவர்களைத் தேடித்தான் தனிச்சேவை வங்கிகளின் அழைப்பு வருகிறது.

தனிச்சேவை வங்கி என்பது, பெருந்தொகை உடைய தனிமனிதருக்கும் அவர் குடும்பத்துக்கும் வைப்பு, முதலீடு, கடன், சொத்துரிமை ஏற்பாடு ஆகியவற்றை ஒரே உறவு மேலாளர் வழியாக நடத்திக் கொடுக்கும் சேவைப் பிரிவாகும். அரசுடைமை அல்லாத கரூர், கும்பகோணம் வங்கிகளைத் தமிழர் தனியார் வங்கி என்று அழைக்கும் வழக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. இதில் சேரக் குறைந்தபட்சத் தொகை வங்கிக்கு வங்கி மாறினாலும், பொதுவாகப் பத்து லட்சம் டாலர் அளவிலிருந்துதான் பேச்சே தொடங்கும். ஆனால் இக்கட்டுரை எடுத்துக்காட்ட விரும்புவது, தொகையின் அளவு இரண்டாம் நிலைக் கேள்வியே என்பதை. கணக்குக்கு உரியவர் சட்டப்படி எந்த நாட்டில் வசிப்பவர், அவருடைய பணம் எந்த வழியில் வந்தது என்று எழுத்தில் நிறுவ முடியுமா ஆகிய இரண்டும்தான் கதவைத் திறப்பதும் அடைப்பதும்.

கடல் கடந்த தனிச்சேவை வங்கித் தொழில் தமிழருக்குப் புதியதன்று. வாடிக்கையாளராக வருமுன்பே அவர்கள் அதை நடத்தியவர்கள். திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையைக் கடந்து விரியும் செட்டிநாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற நகரத்தார், ரங்கூன் மொகல் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், கொழும்புச் செட்டியார் தெருவிலும் கிட்டங்கிகள் எனும் கடைக்கூடங்களை அமைத்து, உள்ளூர் உழவருக்கும் வணிகருக்கும் கடன் கொடுத்தனர். ஊரிலிருக்கும் முதலாளியின் பெயரில் அங்கே மூன்றாண்டுத் தவணையில் பொறுப்பேற்கும் முகவருக்கு மேலாள் என்று பெயர். அவருக்கு அடியில் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருந்தனர். நடப்பு வட்டி விகிதம் ரங்கூனில் கோவிலில் கூடி முடிவு செய்யப்பட்டது. பேரேடும் ஐந்தொகையும் ஒழுங்காக எழுதப்பட்டுச் செட்டிநாட்டுக்கு வந்தன. உறவினர் கடைகளில் பெண்களின் சீதனப் பணமும் கோவில் பணமும் வைப்பாகக் கிடந்து வட்டி ஈட்டின. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ள உண்டியல் எனப்படும் பணமாற்று ஓலை பயன்பட்டது. இந்த அமைப்பில் கணக்குத் தொடங்குபவரிடம் எவரும் அடையாளச் சான்று கேட்கவில்லை. எந்தக் கோவில், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற மூன்று விடைகள் போதுமானவையாக இருந்தன. இன்றைய வங்கி ஐம்பது பக்கத் தாள்களால் அடைய முயல்வதை அன்று அறிமுகம் ஒன்றே அடைந்தது.

அறிமுகத்தால் காக்க முடியாத ஒன்று நாட்டின் நிலை. 1929–30இல் பர்மாவில் அமர்த்தப்பட்ட மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் நகரத்தார் தொழிலில் இருந்த முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. பின்வந்த பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து கடன்கள் திரும்பாமற்போக, அடமானம் வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவரிடமே வந்து சேர்ந்தன; பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நில உடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. கேட்டுப் பெறாத இந்த நிலமே அவர்கள்மீது பகையை வளர்த்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்பும், 1948இல் நில நாட்டுடைமைச் சட்டமும், 1963இல் வங்கிகள் நாட்டுடைமையும், 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டதும் அடுத்தடுத்து வந்து, மூன்று தலைமுறை உழைப்பைக் கணக்கேட்டில் மட்டும் மிச்சமாக்கின. கையில் எதுவுமின்றிக் கப்பலிறங்கியவர்களின் துயரத்தை வெளிநாட்டில் செல்வம் வைப்பதைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வும் கடந்து போகக் கூடாது. ஏனெனில் அவர்களுடைய ஏடுகளில் ஒரு தவறும் இருக்கவில்லை.

மறுபக்கத்துச் சான்றாகச் சென்னையில் 1906 அக்டோபரில் நொடித்த ஆர்பத்நாட் நிறுவனத்தைக் கொள்ளலாம். பங்காளிகளின் பெயருக்கு இருந்த மதிப்பை மட்டும் நம்பி மக்கள் அதில் வைப்பு வைத்தனர். அந்தப் பணம் அதன் லண்டன் கூட்டாளி நிறுவனத்தின் வழியே ஊக வணிகத்தில் கரைந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி. பின்னர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்து, கடல் கடந்த தமிழரின் கணக்கைக் கிட்டங்கியிலிருந்து கூட்டுப்பங்கு வங்கிக்கு மாற்றினார். ரங்கூன் கிளை 1963இல் பர்மிய அரசின் கைக்குப் போயிற்று. 1969இல் இந்தியாவில் வங்கி நாட்டுடைமையான பின், அயல்நாட்டு அரசுக்கு உரிய வங்கிகளை அனுமதிக்காத மலேசியச் சட்டத்தின் காரணமாக, அங்கிருந்த கிளைகள் 1973இல் ஐக்கிய ஆசிய வங்கி என்ற உள்ளூர் நிறுவனத்துக்குள் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூரிலோ இவ்விரு தமிழ்நாட்டு வங்கிகளும் முழு உரிமத்துடன் இன்றும் நடக்கின்றன.

இன்றைய நிலைக்கு வரும்போது முதலில் தெளிவுபெற வேண்டியது வசிப்பிடம். இந்தியாவில் இதை இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாக அளக்கின்றன. 2000 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இருந்தாரா என்று பார்ப்பதோடு, நோக்கத்தையும் பார்க்கிறது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ நாட்டை விட்டுப் புறப்படும் ஒருவர் விமானம் ஏறிய நாளிலிருந்தே வெளிநாடுவாழ்பவர் ஆகிவிடுகிறார். வருமான வரிச் சட்டமோ நடப்பாண்டின் நாட்களை எண்ணுகிறது. பொதுவான வரம்பு 182 நாட்களே என்றாலும், இந்தியாவில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உடைய, விடுமுறைக்கு வந்துபோகும் இந்தியருக்கு 2020 முதல் அது 120 நாட்களாகச் சுருங்கியது. வேறெந்த நாட்டிலும் வரி செலுத்தும் கடமை இல்லாத இந்தியக் குடிமகன் ஒருவர், அதே 15 லட்ச வரம்பைக் கடந்தால், ஒரு நாள்கூட இந்தியாவில் தங்காமலேயே வசிப்பவராகக் கருதப்படலாம். துபாயில் இருந்துகொண்டு திருச்சியில் வணிக வளாக வாடகை வாங்குபவரைக் குறிவைத்த விதி இது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டமும் இந்த அளவுகோல்களைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஒரு சட்டத்துக்கு வெளிநாடுவாழ்பவராகவும் மற்றொன்றுக்கு உள்நாட்டவராகவும் இருக்கக் கூடும். வெளிநாட்டு வங்கி நீட்டும் வரி வசிப்பிட அறிவிப்புப் படிவத்தில் ஆலோசனையின்றிக் கையெழுத்திடுவோர் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நடைமுறையில் இதைவிட எளிய தவறு ஒன்று ஊரில் பரவலாக உள்ளது. வேலைக்குச் சென்றவரின் பழைய உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கு மாற்றப்படாமல் அப்படியே கிடக்க, பெற்றோர் அதில் பணம் எடுத்துப் புழங்குவர். வெளிநாடுவாழ்பவரான உடனே அந்தக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வாடகை, ஓய்வூதியம், விளைச்சல் போன்ற இந்திய வருமானத்துக்குரிய ரூபாய்க் கணக்காக, மாற்றியாக வேண்டும். வெளிநாட்டில் ஈட்டியதை அனுப்பி வைப்பதற்கு 1970இல் கொண்டுவரப்பட்ட என்.ஆர்.இ. கணக்கு உள்ளது, அதிலுள்ள முதலும் வட்டியும் தடையின்றித் திரும்பச் செல்லும், வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை, ஆனால் ரூபாய் மதிப்பு சரிந்தால் இழப்பு வாடிக்கையாளருடையது. அந்த இழப்பை வங்கியின் தலையில் வைக்கும் எஃப்.சி.என்.ஆர்.(பி) வைப்பு, 1 முதல் 5 ஆண்டுவரை அயல்நாட்டு நாணயத்திலேயே இருப்பது. 1975இல் வந்த பழைய திட்டத்தில் மாற்று விகித இழப்பை ரிசர்வ் வங்கி சுமந்ததால் அது கைவிடப்பட்டு, 1993இல் இது தொடங்கப்பட்டது. 1991இல் வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புகளைத் திரும்ப எடுத்ததும் நாட்டின் செலாவணி நெருக்கடியைக் கூட்டிய காரணங்களில் ஒன்று என்பதையும், 1998, 2000 ஆண்டுகளில் பாரத ஸ்டேட் வங்கியின் சிறப்புப் பத்திர, வைப்புத் திட்டங்கள் வழியாகவும் 2013இல் சலுகை மாற்று ஏற்பாட்டின் வழியாகவும் அரசு இதே மக்களிடம் கை நீட்டியதையும் இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. 2013இன் ஏற்பாட்டில் வந்த ஏறத்தாழ 2,600 கோடி டாலரில் ஒரு பெரும்பகுதி வாடிக்கையாளரின் சொந்தச் சேமிப்பு அன்று. வெளிநாட்டு வங்கிகள் தம் செல்வந்த வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, அதை இந்திய வைப்பில் போடச் செய்து, இடையிலிருந்த வட்டி வேறுபாட்டைப் பங்கிட்டன. ஊர்ப்பற்று என்று மேடைகளில் பேசப்பட்டதன் உள்ளே தனிச்சேவை வங்கியின் கணக்கு இருந்தது.

இனி வெளிநாட்டு வங்கியின் வாசலுக்கு வரலாம். சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால், நிகர நிதிச் சொத்து 10 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டுபவர், அல்லது வீட்டையும் ஒரு வரம்புக்குள் சேர்த்து நிகரச் சொத்து 20 லட்சத்தைத் தாண்டுபவர், அல்லது முந்தைய 12 மாதங்களில் 3 லட்சத்துக்குக் குறையாமல் ஈட்டியவர், தகுதிபெற்ற முதலீட்டாளர் எனும் வகுப்பில் சேரலாம். இதைப் பலர் பெருமைக்குரிய பட்டமாக எண்ணுகின்றனர். உண்மையில் இது, பொது மக்களுக்கு விற்கக் கூடாத சிக்கலான முதலீடுகளைத் தமக்கு விற்கலாம் என்றும் பொது மக்களுக்கான சில பாதுகாப்புகள் தமக்கு வேண்டாம் என்றும் வாடிக்கையாளர் தாமே எழுதிக் கொடுக்கும் ஒப்புதல்.

அதன்பின் கேட்கப்படும் தாள்கள்: கடவுச்சீட்டின் சான்றிட்ட படி, முகவரிச் சான்று, வரி எண், சில வேளை முந்தைய வங்கியின் பரிந்துரைக் கடிதம். இவை எளியவை; இந்திய ஆவணங்களுக்குச் சிங்கப்பூர் போன்ற உடன்பாட்டு நாடுகளில் ஏற்புத் தரும் அப்போஸ்டில் முத்திரைக்கு இந்தியா 2005 முதல் உடன்பட்டிருப்பதால் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதும் இல்லை. கடினம் தொடங்குவது இரண்டு கேள்விகளில். இப்போது வரும் இந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது ஒன்று. வாழ்நாள் முழுவதிலும் இந்தச் செல்வம் எப்படிச் சேர்ந்தது என்பது மற்றொன்று. முதலாவதற்கு வங்கி அறிக்கை போதும். இரண்டாவதற்குச் சம்பளச் சான்றுகள், நிறுவனத்தின் தணிக்கை அறிக்கைகள், பங்கு விற்ற ஒப்பந்தங்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள், வரி செலுத்திய சான்றுகள் எனப் பல ஆண்டுத் தொடர்ச்சி வேண்டும். வங்கி ஏன் இவ்வளவு துருவுகிறது என்பதற்குச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நடவடிக்கைகளே விடை. மலேசியாவின் 1எம்.டி.பி. நிதி மோசடியில் சிக்கிய பி.எஸ்.ஐ., ஃபால்கன் என்னும் இரு சுவிட்சர்லாந்துத் தனிச்சேவை வங்கிகளின் சிங்கப்பூர்ப் பிரிவுகளை அது 2016இல் மூடச் செய்தது. 2023 ஆகஸ்டில் வெளிப்பட்ட, 300 கோடி சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள கறுப்புப் பண வழக்கின் தொடர்ச்சியாக, 2025 ஜூலையில் ஒன்பது நிதி நிறுவனங்கள்மீது 2.7 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. இந்த அச்சத்தின் சுமை, குற்றமற்ற வாடிக்கையாளர்மீதும் விழுகிறது.

திருச்சிக் குடும்பங்களின் உண்மையான சிக்கல் இங்கேதான் வெளிப்படுகிறது. அவர்களுடைய செல்வத்தில் பெரும்பகுதி நேர்மையாகச் சேர்ந்ததே. ஆயினும் அது தாளில் பதியவில்லை. தமிழ்நாட்டில் நிலமும் வீடும் கைமாறும்போது, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகை மட்டும் பத்திரத்தில் எழுதப்பட்டு, எஞ்சியது ரொக்கமாகக் கைமாறும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. எடமலைப்பட்டி புதூரில் தந்தை வாங்கிப் போட்ட மனையை விற்றுச் சிங்கப்பூரில் வைக்க நினைக்கும் மகன், பத்திரத்திலுள்ள தொகைக்கு மட்டுமே கணக்குக் காட்ட முடியும். ரொக்கப் பகுதி வரி ஏய்ப்பாகவே எந்த நாட்டு வங்கிக்கும் தெரியும். அதுபோலவே, மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வங்கி வழியே வராமல் உண்டியல்காரர் மூலம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பணம். பழைய நகரத்தார் உண்டியலில் ஓலையும் பேரேடும் இருந்தன. இன்றைய உண்டியலில் ஒரு தொலைபேசி எண்ணும் ரூபாய்த் தாளின் வரிசை எண்ணும் தவிர வேறு தடயமில்லை. விரைவும் சற்றுக் கூடுதலான மாற்று விகிதமும் கருதி அதை நாடியவர்கள், தம் இருபதாண்டு உழைப்பின் சான்றைத் தாமே அழித்துக்கொண்டனர். சிங்கப்பூரின் பேநவ் வசதியும் இந்தியாவின் யு.பி.ஐ. வசதியும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்ட பின், சிறு தொகைகளுக்கு அந்தக் காரணமும் இல்லாமற்போயிற்று. திருமணங்களில் வந்த நகையும் இவ்வகையே. பாட்டியின் காசுமாலைக்கு எந்தக் கடை இரசீது இருக்கும்?

முறையாகப் பத்திரமிட்டு விற்ற சொத்தின் பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் சேர்ந்தால், உரிய வரி செலுத்திப் பட்டயக் கணக்கரின் சான்றுடன், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஊரிலேயே வசிக்கும் பெற்றோர் தம் பணத்தை அனுப்புவதாயின் ஆளுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரம்பு. 2004இல் 25,000 டாலராகத் தொடங்கிய திட்டம் இது. முதலீட்டுக்காக அனுப்பும்போது 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 விழுக்காடு வரியாக முன்கூட்டியே பிடிக்கப்பட்டு, பின்னர் கணக்குத் தாக்கலில் சரிசெய்யப்படுகிறது. இவ்வழிகள் அகலமானவையே. அகலமான வழி திறந்திருக்கும்போது குறுக்குச் சந்தில் போனவருக்குத்தான் வங்கியின் கேள்விகள் கொடுமையாகத் தோன்றுகின்றன.

வெளிநாட்டுக் கணக்கு என்றாலே மறைவு என்ற எண்ணம் இன்னும் தமிழ்த் திரைப்படங்களில் உயிரோடு இருக்கிறது. வங்கி இரகசியத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கிய 1934ஆம் ஆண்டுச் சுவிட்சர்லாந்துச் சட்டம் அந்த எண்ணத்தின் வேர். அந்தக் காலம் முடிந்துவிட்டது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2014இல் வகுத்த பொது அறிக்கைத் தரத்தின்படி, இதில் சேர்ந்த ஒவ்வொரு நாட்டு வங்கியும் அயல்நாட்டு வரி வசிப்பாளரின் பெயர், இருப்பு, வட்டி, ஈவு ஆகியவற்றைத் தன் அரசுக்கு அறிவிக்க, அரசுகள் ஆண்டுதோறும் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. இந்தியா 2017இலும், சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை 2018இலும் இதில் இறங்கின. சுவிட்சர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு முதல் பட்டியல் 2019 செப்டம்பரில் வந்தது. கவனிக்க வேண்டியது, செய்தி செல்வது குடியுரிமை நாட்டுக்கு அன்று, வரி வசிப்பிட நாட்டுக்கு. சிங்கப்பூரில் வசிக்கும் திருச்சிக்காரரின் சூரிச் கணக்கு சிங்கப்பூருக்குத்தான் அறிவிக்கப்படும். அவர் ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறிய பின் அதே கணக்கு இந்தியாவுக்கு அறிவிக்கப்படும்.

ஆகையால் திரும்பி வருவதுதான் மிக நுட்பமான கட்டம். வெளிநாட்டில் வசித்தபோது ஈட்டிய பணத்தையும் சொத்தையும் திரும்பி வந்த பின்னும் அங்கேயே வைத்திருக்கச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு வெளிப்படையாக உரிமை தருகிறது. 1973ஆம் ஆண்டுப் பழைய செலாவணிச் சட்டத்தின் கெடுபிடியில் வாழ்ந்த மூத்தோர் பலர் இதை அறியாமல், அவசரமாக எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தனர். கொண்டுவர விரும்புவோர் உள்ளூர் வங்கியிலேயே ஆர்.எஃப்.சி. என்னும் அயல்நாட்டு நாணயக் கணக்கில் வைக்கலாம். வரியைப் பொறுத்தவரை, திரும்பியவர் முதல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் வழக்கமாக வசிப்பவர் அல்லாதவர் என்ற இடைநிலையில் இருப்பதால், வெளிநாட்டு வட்டிக்கு இங்கே வரி எழாது. அந்த இடைநிலை முடிந்த ஆண்டிலிருந்து உலக வருமானம் முழுவதும் இந்தியாவில் வரிக்குரியது, வெளிநாட்டுக் கணக்கு ஒவ்வொன்றும் வரி அறிக்கையின் தனி அட்டவணையில் இடம்பெற வேண்டியது. தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் 30 விழுக்காடு வரியையும் அதன் மும்மடங்கு அபராதத்தையும், அறிவிக்காமைக்குத் தனியே 10 லட்சம் ரூபாயையும் விதிக்கக் கூடியது. முழுக்க நேர்மையான பணம்கூட ஒரு படிவத்தை நிரப்பாததால் இந்தச் சட்டத்தின் வாய்க்குள் போகலாம் என்பது கடுமையானது. சிறு கணக்குகளுக்கு 2024 அக்டோபர் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அபராத விலக்கு தரப்பட்டது அந்தக் கடுமையைச் சற்றே தணித்திருக்கிறது.

பாதுகாப்பு என்ற தலைப்பில் விற்பனைப் பேச்சுக்கும் உண்மைக்கும் இடைவெளி அதிகம். சிங்கப்பூரில் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர், அதுவும் அந்நாட்டு நாணயத்திலுள்ள வைப்புக்கு மட்டும். இந்தியாவில் 5 லட்சம் ரூபாய். தனிச்சேவை வாடிக்கையாளரின் தொகை இந்த வரம்புகளுக்கு மிக மேலே இருப்பதால், அவருடைய பணம் எந்த வடிவில் இருக்கிறது என்பதே முக்கியமாகிறது. வங்கி பாதுகாவலராக மட்டும் வைத்திருக்கும் பங்குகளும் பத்திரங்களும் வங்கி விழுந்தாலும் வாடிக்கையாளருடையவை. வைப்பு, வங்கிக்குக் கொடுத்த கடன். வங்கியே வெளியிட்ட மூலதனப் பத்திரமோ வங்கியின் இழப்பில் முதலில் எரிவது. 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் வங்கியை யு.பி.எஸ். ஏற்றபோது ஏறத்தாழ 1,600 கோடி சுவிஸ் பிராங்கு மதிப்புள்ள இத்தகைய பத்திரங்கள் ஒரே நாளில் சுழியாயின. கூடுதல் வட்டி என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை வாங்கிய வெளிநாடுவாழ் இந்தியரும் இழந்தோரில் இருந்தனர். இது தொலைவில் நடந்த கதை என்று திருச்சியினர் எண்ண வேண்டியதில்லை. 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்துடன் இணைக்கப்பட்டபோது, வைப்பாளர் பணம் காப்பாற்றப்பட்டது, பங்குதாரர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, 318 கோடி ரூபாய் இரண்டாம் நிலைப் பத்திரங்கள் எழுதித் தள்ளப்பட்டன. சிங்கப்பூர்ப் பெயர்ப் பலகை தாங்கிய அந்தக் கிளைகளில் உள்ள கணக்கு சிங்கப்பூர்க் கணக்கு அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபுறம், குசராத்தின் கிஃப்ட் நகரத்திலுள்ள வங்கிப் பிரிவில் தொடங்கும் டாலர் கணக்கு, செலாவணிச் சட்டத்தின் பார்வையில் இந்தியாவுக்கு வெளியே உள்ளதாகவே கொள்ளப்படுகிறது.

செலவையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். காப்புக் கட்டணம், மேலாண்மைக் கட்டணம், ஒவ்வொரு முதலீட்டு விற்பனையிலும் உள்ளடங்கிய தரகு ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்று கொண்டால்கூட, 20 லட்சம் டாலருக்கு அது ஆண்டுதோறும் 20,000 டாலர். முதலீட்டை ஈடாக வைத்துக் கடன் எடுத்து மேலும் முதலீடு செய்யச் சொல்வது இத்துறையின் வழக்கமான அறிவுரை. சந்தை சரியும்போது கூடுதல் ஈடு கேட்டு வரும் அழைப்பைப் பற்றி அதே குரலில் பேசப்படுவதில்லை. பல நாடுகளில் தொழில் நடத்துவோருக்கும், பிள்ளைகள் வெவ்வேறு நாட்டில் வேர் ஊன்றிவிட்டோருக்கும் இந்தச் சேவை பயனுடையது. ஊர் திரும்பும் எண்ணத்தோடு ஒரே நாட்டில் சம்பாதிப்பவருக்கு, அங்கே ஒரு சாதாரணக் கணக்கும் இங்கே என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர்.(பி) வைப்புகளும் போதும் என்றே இந்த ஆய்வு கருதுகிறது.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது கணக்குக்கு உரியவரின் மரணம். இந்தியாவில் கணக்குக்கு நியமனதாரரைக் குறிக்கலாம்; 2025 நவம்பர் முதல் நால்வர் வரை குறிக்க இடமுண்டு. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியுள்ளது. என்.ஆர்.இ. கணக்கில் ஊரிலுள்ள நெருங்கிய உறவினரை, முதலாமவர் இருக்கும்வரை அவர், பின் எஞ்சியவர் என்ற நிபந்தனையில் கூட்டாகச் சேர்க்கவும் முடியும். சிங்கப்பூரில் மத்திய சேமநிதிக்கு நியமனம் உண்டு, வங்கிக் கணக்குக்கு அவ்வசதி இல்லை. உரியவர் தனியே வைத்திருந்த கணக்கைத் திறக்க அங்குள்ள நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். மகனுக்குக் கணக்கு எந்த வங்கியில் இருந்தது என்பதே ஊரிலுள்ள பெற்றோருக்குத் தெரியாத நிலையில், அந்த ஆணையை யார் கேட்பது?

பங்கு யாருக்கு என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. வங்கி இருப்பு போன்ற அசையும் சொத்து, இறந்தவர் நிரந்தர இல்லமாகக் கொண்ட நாட்டின் வாரிசுச் சட்டப்படி பிரியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாய்க்கு மனைவியோடும் மக்களோடும் சமப் பங்கு உண்டு. சிங்கப்பூர்ச் சட்டப்படியோ மனைவிக்குப் பாதி, மக்களுக்குப் பாதி. மக்கள் இருக்கும்போது பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. நிரந்தரவாசியாக இருபதாண்டு சிங்கப்பூரில் வாழ்ந்து, எப்போதாவது ஸ்ரீரங்கம் திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒருவரின் நிரந்தர இல்லம் எது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும்வரை, மகனை நம்பியிருந்த தாயின் பங்கு தொங்கலில் நிற்கும். இதைத் தவிர்க்க இரு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனி உயில் எழுதும் வழக்கம் வழக்கறிஞர்களிடையே உள்ளது. அவ்வாறு எழுதும்போது, இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தையும் நீக்குகிறேன் என்ற வழக்கமான தொடரை அப்படியே எழுதிவிட்டால், திருச்சியில் பின்னர் எழுதிய உயில் சிங்கப்பூரில் முன்பு எழுதியதை அழித்துவிடும். எந்த நாட்டுச் சொத்துக்குரிய உயில்களை நீக்குகிறார் என்பதை உயில் எழுதுபவர் பெயர் சுட்டிக் குறிப்பிட்டாக வேண்டும்.